பசைக்கு அடியில் ஒரு தெரு

அந்தத் தெருவை அழித்தது நான்தான். புல்டோசர் எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு டப்பா பசை, முடி கொட்டிய ஒரு பிரஷ், சாப்பாட்டு நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. இந்த மூன்றும்தான் என் கருவிகள். நாற்பத்து மூன்று வீடுகள், ஒரு பல் டாக்டர், ஒரு தையல் கடை, என் அக்காவின் பேக்கரி, எல்லாம் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டன. பசை காய இன்னொரு பத்து நிமிடம்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. சாலையின் இந்தப் பக்கம் மாநகராட்சி அலுவலகம், எதிர்ப் பக்கம் மாவட்ட அலுவலகம். ஊருக்குள் எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று மாநகராட்சி சொல்லும். ஊர் எல்லையைத் தாண்டியதும் மாவட்டம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் முப்பதடிச் சாலைதான். ஆனால் அவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள், கடிதம் எழுதுவார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து நகல். என்றைக்காவது இவர் ஜன்னலைத் திறந்து அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டால் அன்றோடு என் பிழைப்பு போச்சு. நல்லவேளை, இரண்டு பக்கமும் ஏசி. ஜன்னலைத் திறப்பதில்லை.

இவர்களைச் சேர்த்துவைக்கத்தான் 'பொருளாதார வளர்ச்சிக்கான நிலப் பயன்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு' என்று ஒன்று பதினோரு வருடமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் நாலு பக்கம் நகல் எடுத்துவிடுவேன். குழு வருவதற்கு முன்னால் மாநகராட்சி தன் குப்பைக் கிடங்கை எல்லையின் கடைசி அடியில் வைத்திருந்தது. காற்று அடுத்த பக்கம்தானே போகும். பதிலுக்கு மாவட்டம் தன் எல்லையின் முதல் அடியில் தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்தது. குழு வந்த பிறகும் இரண்டும் அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் அந்த இடத்துக்கு 'எல்லையோர வளர்ச்சி முனையம்' என்று பலகை வைத்தார்கள். புதிதாக ஒரு கம்பெனி தொழிற்சாலை கட்ட வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். கம்பெனி இரண்டு கையையும் உதறிக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போய்விடும். அதற்கு வருத்தம் தெரிவித்து இரண்டு கடிதம், பத்து நகல்.

குழுவின் தீராத வியாதி வரைபடம். மாநகராட்சியின் மேப் ஒரு தாள், மாவட்டத்தின் மேப் ஒரு தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊருக்குள்ளிருந்து வரும் பெரிய சாலை தாளின் ஓரத்தில் வந்து நிற்கும். அடுத்த தாளில் அது ஒரு விரல் தள்ளி ஆரம்பிக்கும். மேப்பின்படி போனால் எல்லையில் லாரி அந்தரத்தில் தாவி அடுத்த பக்கம் இறங்க வேண்டும். யார் அளந்தது தப்பு என்று பதினோரு வருடம் விவாதம். அளந்தவர்கள் இருவருமே ஓய்வு பெற்று, ஒரே பூங்காவில் காலையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அது முறையில்லையாம்.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு இரண்டு தாளும் என் கடைக்கு வந்தன. மூன்று மணிக்குக் கூட்டம். அதற்குள் இரண்டையும் சேர்த்துத் துணியில் ஒட்டி, சுருட்டிக் கொடுக்க வேண்டும். ஒட்டப் போகும்போது அந்தச் சாலையைப் பார்த்தேன். சேரவில்லை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, கோணலாக எதையும் ஒட்ட மாட்டேன். சாலை சாய்வாக வருவதால், மாவட்டத் தாளை ஒரு விரல் அகலம் மாநகராட்சித் தாளின் மேல் ஏற்றிப் பார்த்தேன். சாலையும் சாலையும் கச்சிதமாகக் கைகோத்துக்கொண்டன. நானே எனக்கு ஒரு 'சபாஷ்' போட்டுக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தேன். அடியில் போன பகுதியில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதைக் கீழே இறக்க எனக்குச் சோம்பல்.

மூன்று மணிக் கூட்டத்தில் மேப்பைச் சுருக்கமில்லாமல் மேஜையில் விரிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் உள்ளே விட்டார்கள். சுருளை அவிழ்த்தேன். மாநகராட்சித் திட்ட அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒல்லியான மனிதர், எதையும் துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். மாவட்டத் திட்ட அதிகாரி எழுந்து வந்து சாலையின் மேல் விரலை ஓட்டினார். விரல் எங்கேயும் தடுக்காமல் ஊருக்குள்ளிருந்து ஊருக்கு வெளியே போயிற்று. குழுவின் தலைவரான ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினோரு வருஷமா நாம பேசிப் பேசி முடியாததை, இந்த மேப் பேசாமயே செஞ்சிருக்கு," என்றார் ஆணையர். "ஒருங்கிணைப்புன்னா என்னன்னு இன்னைக்குத்தான் எனக்கே புரியுது. ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். எதை விட்டுக்கொடுத்தோம்னு ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது. அதுதான் நல்ல ஒருங்கிணைப்பு."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பசை உள்ளங்கையில் ஒட்டி என் கைதட்டல் மட்டும் வித்தியாசமாகக் கேட்டது.

அன்றைக்கே தீர்மானம்: இதுவே ஒருங்கிணைந்த ஒரே வரைபடம், பழைய தாள்களும் அவற்றின் நகல்களும் இனிச் செல்லாது. இரண்டாவது தீர்மானம்: சாலைகள் சேரும் இடத்தில் 'இணைப்புச் சரக்குப் பூங்கா'. பூங்கா என்றால் செடி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கிடங்குகள். லாரிகள். மேப்பில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது, அதாவது காலி நிலம். மேப் சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலையில் ஒரு பன் பெட்டியைப் பாரமாக வைத்திருந்தார்கள். அக்கா கடை பன். பதினோரு வருடமாகக் குழுவுக்கு அவள் கடையிலிருந்துதான் போகிறது. பெட்டியின் மேல் கடைப் பெயர், கதவு எண் பதினேழு, தெருப் பெயர் எல்லாம் சிவப்பில் அச்சடித்திருந்தது. அது நான் அடித்துக்கொடுத்த லேபிள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அக்கா கூப்பிட்டனுப்பினாள்.

பேக்கரிக்குள் போனால் அவள் முழங்கை வரை மாவோடு நின்றாள். மாமா கல்லாவில் உட்கார்ந்து இடுப்பில் ஒரு கையை வைத்திருந்தார். அந்தக் கை அங்கேயே இருந்து இருந்து இடுப்பின் பாகமாகிவிட்டது.

"டேய், அந்த மேஜை மேல ஒரு பேப்பர் இருக்கு. படிச்சு அர்த்தம் சொல்லு," என்றாள் அக்கா. "உங்க மாமா ரெண்டு தரம் படிச்சார். ரெண்டு தரமும் வேற வேற அர்த்தம் சொல்றார்."

படித்தேன். ஒவ்வொரு வருடமும் அடுப்பு உரிமத்தைப் புதுப்பிக்க நிலப் பயன்பாட்டுச் சான்று வேண்டும். அதற்கு அவள் எழுதிக்கொடுத்திருந்தாள். பதில் வந்திருந்தது. 'தங்கள் பேக்கரி அமைந்துள்ளதாகத் தாங்கள் கருதும் தெரு, ஒருங்கிணைந்த வரைபடத்தில் காணப்படவில்லை. எனவே உரிமம் புதுப்பிக்க இயலாது. முப்பதாம் தேதியோடு அடுப்பை அணைத்துவிட வேண்டியது.'

"தெருவே இல்லைங்கறான்," என்றாள் அக்கா. "அப்ப இருபத்திரண்டு வருஷமா நாலு மணிக்கு எழுந்து நான் எங்கடா போய்க்கிட்டிருக்கேன்?"

"நான்தான் சொல்றேனே, எழுத்துப் பிழையா இருக்கும்," என்றார் மாமா.

"உனக்குத்தான் ரெண்டு ஆபீஸ்லயும் ஆள் பழக்கமாச்சே. கேட்டுச் சொல்லுடா."

"கேக்கறேன்கா," என்றேன். என் குரல் டோனர் தீர்ந்த நகல் மாதிரி வெளிறி வந்தது.

கடைக்கு ஓடி வந்தேன். பழைய மாநகராட்சித் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஓரத்திலிருந்து ஒரு விரல் அளந்தேன். பொடி எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. என் அக்கா தெரு. ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர் கணக்கு. என் விரல் கொஞ்சம் தடிமன்.

நகலைத் தூக்கிக்கொண்டு மாநகராட்சி கவுன்டருக்குப் போனேன். "இதோ இருக்கு சார் தெரு."

"இது நகல்," என்றார் குமாஸ்தா. "நகல் செல்லாது. மூலத்தைக் கொண்டுவாங்க."

"மூலம் உங்க கூட்ட அறைச் சுவத்துல இருக்கு."

"அதுலதான் தெரு இல்லையே."

மாவட்ட அலுவலகத்தில், அது எங்கள் தெருவே இல்லை, மாநகராட்சிக்குள் வருகிறது என்றார்கள். மாநகராட்சியில், எங்கள் எல்லை இப்போது மேப்பில் ஒட்டு தெரியும் இடத்தோடு முடிகிறது என்றார்கள். அன்றைக்கு அந்த முப்பதடிச் சாலையை நான் ஒன்பது தடவை கடந்தேன். தினம் கடக்கிற சாலைதான். ஆனால் அதன் அகலம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒட்டியது நான்தான் என்று அங்கே எங்கேயாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். "அஞ்சு நகல் எடுத்துட்டு வாங்க," என்றார்கள். அது என் தொழில். வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு சர்வேயர் அம்மாவை அனுப்பினார்கள். நல்ல மனுஷி. தெரு முழுக்க டேப் பிடித்து அளந்தார். பல் டாக்டர் வாசலில் நின்று, போன மாதம் அவர் அடைத்துவிட்ட கடைவாய்ப் பல் கூசுகிறது என்று காட்டினார். அக்கா கடைக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஒரு தேங்காய் பன் சாப்பிட்டார், வீட்டுக்கு நாலு கட்டிக்கொண்டார். பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்தார். எட்டிப் பார்த்தேன். 'வரைபடத்தின்படி தெரு காணப்படவில்லை' என்று இருந்தது.

"மேடம், நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பேக்கரியில."

"பேக்கரி எங்க இருக்கு?"

"தம்பி, இந்தப் படிவத்துல ரெண்டே கட்டம்தான். வரைபடத்தின்படி உள்ளது, வரைபடத்தின்படி இல்லை. கண்ணால பாத்ததுன்னு கட்டம் கிடையாது." மெல்லும் பன்னை விழுங்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருக்கிறது வேற, இருப்புல இருக்கிறது வேற. உங்க அக்காகிட்ட சொல்லுங்க, இந்த பன்னு இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

மேல்முறையீட்டுக்கும் வழி இருந்தது. 'விடுபட்ட தெருவைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்.' கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். விண்ணப்பிப்பவர் அந்தத் தெருவில் வசிப்பவராக இருக்க வேண்டும். தெருப் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வேண்டும். பட்டியலில் அந்தத் தெரு இல்லை. என் கடை முகவரியில் போட்டேன். 'தாங்கள் விடுபட்டவர் அல்ல' என்று உடனே பதில் வந்தது. அலுவலகத்திலிருந்து எனக்கு அவ்வளவு வேகமாக எப்போதும் எதுவும் வந்ததில்லை.

தினமும் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போது அக்கா கேட்பாள்.

"என்னாச்சு?"

"பரிசீலனையில இருக்குக்கா."

"அப்படின்னா?"

"பாக்கறாங்கன்னு அர்த்தம்."

"எதை? தெருவையா?"

"பேப்பரை."

"உனக்கு வேற ஏதாவது தெரியுமா?"

"உரிய நேரத்துல தெரியும்கா."

சொல்லிவிட்டு நானே அசந்துபோனேன். 'உரிய நேரத்தில்' என்று என் பரம்பரையில் யாரும் பேசியதில்லை. அவளும் ஒரு மாதிரி பார்த்தாள். ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டியா? முகமே நல்லால்ல," என்றாள். தனக்காக அலைந்து அலைந்து தம்பி இளைத்துவிட்டான் என்று தையல் கடைக்காரியிடம் சொன்னாளாம். நான் அந்த வாரம் இரண்டு கிலோ ஏறியிருந்தேன். கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

இருபத்திரண்டாம் தேதி பொதுக் கருத்துக் கேட்பு வந்தது. சரக்குப் பூங்காவால் பாதிக்கப்படுவோர் தங்கள் ஆட்சேபங்களைத் தெரிவிக்கலாம். மாநகராட்சி மண்டபத்தில் இருநூறு நாற்காலி. தெருவே திரண்டு வந்திருந்தது. பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். வாசலில் ஒரு மேஜை. பெயரும் தெருவும் சொன்னால் பேச டோக்கன் தருவார்கள். தெருவைச் சொன்னார்கள். "அது பட்டியல்ல இல்லைங்களே. பார்வையாளரா உக்காருங்க," என்று எல்லோருக்கும் மஞ்சள் சீட்டு ஒன்று கொடுத்தார்கள். நான் அடித்த சீட்டு.

மாவட்டத் திட்ட அதிகாரி மைக்கைப் பிடித்தார். தாட்டியான உடம்பு, யாரையும் 'தம்பி' என்பார், தன்னைவிடப் பெரியவர்களையும். "இந்தத் திட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, இதுல பாதிக்கப்படறவங்களே கிடையாது. என் சர்வீஸ்ல இப்படி ஒரு திட்டம் பார்த்ததில்லை. வழக்கமா ஒரு நூறு பேர் வந்து அழுவாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கும். வீட்டுக்குப் போனா சாப்பாடு இறங்காது. இந்தத் தரம் நிம்மதியா இறங்கும்."

அக்கா எழுந்தாள். "சார், நாங்க இருக்கோம்."

மாநகராட்சித் திட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கழற்றியிருக்கும்போது அவருக்கு யாரையும் தெரியாது.

"டோக்கன் இருக்காம்மா?" என்றார்.

"மஞ்சள் சீட்டு இருக்கு."

"அது பார்க்கறதுக்கு."

"பதினேழாம் நம்பர் கடை சார். நீங்க முன்னால வச்சிருக்கிற பன்னு நான் சுட்டது. பெட்டி மேலேயே தெரு பேரு போட்டிருக்கு, படிங்க."

அவர் கண்ணாடியில்லாமலே பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்தார், எழுத்து சுவர்ப் பக்கம் போகிற மாதிரி. கூட்டக் குறிப்பு மறுநாள் என்னிடம்தான் நகலுக்கு வந்தது. 'பார்வையாளர் ஒருவர் சிற்றுண்டியைப் பாராட்டினார். ஆட்சேபம் எதுவும் பெறப்படவில்லை.' முப்பது நகல் எடுத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குக் கூட்ட முடிவில் ஆணையர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். ஒருங்கிணைப்புக்கு உழைத்த சாமானியர்களைக் கௌரவிக்க வேண்டுமாம். ஒரு சான்றிதழ் கொடுத்தார். 'மாநகராட்சியையும் மாவட்டத்தையும் இணைத்த ஒட்டுநர்' என்று போட்டிருந்தது. காலையில் அதை லேமினேட் செய்ததே நான்தான். யாரோ பெரிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செய்தேன். கீழே பார்த்தேன். அக்கா மஞ்சள் சீட்டை இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம் "என் தம்பி" என்று சொல்வது மேடை வரைக்கும் தெரிந்தது.

வெளியே வரும்போது, "அவங்க இவ்வளவு மதிக்கறாங்களே உன்னை," என்றாள். "அப்ப ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கடா."

அதற்குப் பிறகு எனக்கும் ரொட்டி இறங்கவில்லை.

இருபத்தாறாம் தேதி ஆணையரைப் பார்க்க நேரம் வாங்கினேன். கூட்ட அறையில் அவரும் இரண்டு திட்ட அதிகாரிகளும் இருந்தார்கள். ஒரு வாளியில் வெந்நீர், ஒரு துணியோடு போனேன். "மேப்புல ஒரு சின்ன மெயின்டனன்ஸ்," என்றேன். ஒட்டின் மேல் ஈரத் துணியை வைத்து நாலு நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பிறகு நகத்தால் ஓரத்தைத் தூக்கி மெல்ல உரித்தேன். தெரு வந்தது. நாற்பத்து மூன்று கட்டமும், பொடி எழுத்தும், கொஞ்சம் நனைந்து, ஆனால் முழுசாக.

"சார், நான்தான் ஒட்டினேன். சாலை சேரணும்னு தாளை மேல ஏத்திட்டேன். தெரு அடியில போயிடுச்சு. தப்பு என்னோடது."

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. மூன்று அதிகாரிகள், என் கண் முன்னால், ஒரு தெருவைப் பார்க்கிறார்கள்.

"இதை வேற யாராவது பார்த்தாங்களா?" என்றார் ஆணையர்.

"அங்க குடியிருக்கறவங்க பார்த்திருக்காங்க சார்."

"இந்தத் தெருவை வெளிய எடுத்தா சாலை சேராது," என்றார் மாநகராட்சி.

"சாலை சேரலைன்னா கமிட்டி சேராது," என்றார் மாவட்டம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆணையர் என்னை உட்காரச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, நீங்க நேர்மையான ஆள். அதனால மனசு விட்டுச் சொல்றேன். இது நாப்பத்து மூணு வீடு. இந்தக் குழுவுல நூத்தி இருபது பேர் வேலை பார்க்கறாங்க. மேப் தப்புன்னு ஆச்சுன்னா பதினோரு வருஷமும் தப்புன்னு ஆகும். அந்த வீட்டுக்காரங்க வேற தெருவுக்குப் போகலாம். நாங்க வேற எங்க போறது? எங்களுக்கு வேற எந்த வேலையும் தெரியாதே." உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. என் புத்தி அப்படி.

"அப்ப என் அக்கா கடை இருக்கலாமா, கூடாதா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

"எல்லாத் தரப்பு நலனையும் கருத்துல வச்சு, உரிய நேரத்துல, சாதகமான ஒரு பார்வையோட..." என்று ஆரம்பித்து எங்கேயோ போனார். பூங்கா, லாரி, வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்து, "காயறதுக்குள்ள திரும்ப ஒட்டிடுங்க. அரசாங்க ஆவணம் பாருங்க," என்று முடித்தார்.

ஒட்டினேன்.

பசை அங்கே கிடைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பசை என் பையிலேயே இருந்தது. தெருவை வெளியே எடுக்கப் போகிறவன் வெந்நீரும் துணியும் கொண்டுபோனது சரி. பசையை எதற்குக் கொண்டுபோனேன்? அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன், முதல் தடவையைவிட இந்தத் தடவை சுத்தமாக ஒட்டினேன். ஒட்டுகூடத் தெரியவில்லை. பதினேழாம் நம்பர் கட்டத்தின் மேல் பிரஷ்ஷை இழுத்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு போய்விட்டது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, காலையில் பேக்கரிக்குப் போனேன். மாமா இன்னும் வரவில்லை. அக்கா மாவை உருட்டி உருட்டித் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரும்புக் கதவில் வழக்கம்போல ஒரு பழைய துணி தொங்கியது.

"என்னாச்சு?" என்றாள்.

சொன்னேன். வியாழக்கிழமை பன்னிரண்டரை மணியிலிருந்து ஆரம்பித்தேன். நெற்றிக் கண்ணாடி, ஒரு விரல், கைதட்டல், ஒன்பது தடவை சாலையைக் கடந்தது, எல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் சிரிப்பு வருகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உருட்டுகிற கையும் நிற்கவில்லை. சான்றிதழ் பகுதிக்கு வந்தபோது மட்டும் ஒரு உருண்டை கோணலாகப் போயிற்று. அதைப் பிசைந்து மறுபடி உருட்டினாள். நேற்றுத் திரும்ப ஒட்டியதையும் சொன்னேன். பசை என் பையில் இருந்ததையும்.

தட்டு நிரம்பியது. அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"தோல் பாக்டரிக்குப் பக்கத்துல ஒரு ஷெட் பார்த்திருக்கேன்," என்றாள். "முந்தாநாளே பேசியாச்சு."

"அங்க நாறுமேக்கா."

"நாறும். ஆனா மேப்புல இருக்கு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அடுப்புக்குள்ளிருந்து பன் வேகிற வாசனை வர ஆரம்பித்தது. நான் பிறந்ததிலிருந்து எனக்காகப் பரிந்து பேசிய ஒருத்தியிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கவுன்டரில் கேட்கிற கேள்விகள்தான்.

"என் மேல கோவமாக்கா?"

"ஆமா."

மேஜையைத் துடைத்தாள். துணியை உதறினாள். நான் காத்திருந்தேன்; 'ஆனாலும்', 'இருந்தாலும்', 'பார்க்கலாம்' என்று பின்னால் ஏதாவது வரும் என்று. வரவில்லை.

"இனிமே நான் இங்க வரலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு வா," என்றாள். "அடுப்பைத் தூக்கணும். கனம். மாமாவால முடியாது. நாலு பேர் வேணும், மூணு பேர்தான் இருக்காங்க."